குடித்தனம் காலியான பிறகு சுவர்: ஆணி ஓட்டை முதல் எண்ணெய்க் கறை வரை

ஆனி முடிவதற்குள் வீட்டைக் காலி செய்துவிடுவார்கள். ஆடியில் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள். ஆவணி பிறந்ததும் "வீடு காலியா இருக்குதுங்களா?" என்று போன் வர ஆரம்பிக்கும். தருமபுரியில் மாடி போர்ஷனை வாடகைக்கு விட்டிருக்கும் யாரைக் கேட்டாலும் இந்தக் கணக்கைச் சொல்வார்கள். வாடகை வராத அந்த ஒரு மாதத்தை நினைத்துப் புலம்புகிறவர்கள் உண்டு. எனக்கு அது சுவருக்கென்று கிடைத்த மாதம். பட்டி (ஓட்டை, பள்ளத்தை அடைத்து மட்டமாக்கும் மாவு) காய வேண்டும், பூச்சு காய வேண்டும், ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் நாள் வேண்டும். அவசரத்தில் பூசி, அன்றைக்கே பெயிண்ட் அடித்த இடம்தான் மூன்று மாதத்தில் உப்பிக்கொண்டு நிற்கும்.

பென்னாகரம் ரோடு பக்கம் எனக்கு இருப்பது இரண்டே போர்ஷன். பள்ளி ஆசிரியர், மருத்துவக் கல்லூரிப் பையன்கள், பேங்க் ஊழியர் என்று பலர் இருந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். முதல் குடித்தனம் போனதும் பெயிண்டரைக் கூப்பிட்டு வீடு முழுக்க அடித்தேன். அடுத்த தடவை அதே பெயிண்டர் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "இதுக்கு எதுக்குணா என்னைக் கூப்பிட்டீங்க? பத்து ஓட்டை, ரெண்டு கறை. ஞாயித்துக்கிழமை நீங்களே பாத்துக்கலாம்." பட்டி கலக்குவதிலிருந்து அவர்தான் காட்டிக்கொடுத்தார். கீழே எழுதியிருப்பதில் பாதி அவர் சொன்னது. மீதி, நான் கெடுத்துவிட்டுக் கற்றுக்கொண்டது.

சாவியைக் கையில் வாங்கும் முன்

சாமான் எல்லாம் வண்டியில் ஏறிய பிறகு, வண்டி கிளம்பும் முன். அதுதான் சுவரைப் பார்க்கும் நேரம். பகல் வெளிச்சத்தில், காலி செய்கிறவரையும் கூட வைத்துக்கொண்டு ஒவ்வொரு அறையாகப் போங்கள். அவர் ஊர் போய்ச் சேர்ந்த பிறகு போனில் கணக்குச் சொன்னால், அது நியாயமான கணக்காகவே இருந்தாலும் கேட்கிறவருக்குக் கசக்கத்தான் செய்யும்.

செல்போன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டி, பக்கவாட்டில் பிடியுங்கள். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுந்தால் மேடு, பள்ளம், உப்பல், முன்னால் யாரோ பூசி மறைத்த ஒட்டு எல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும். பீரோவும் ஃபிரிட்ஜும் இருந்த இடம், கதவைத் திறந்தால் கைப்பிடி இடிக்கும் இடம், ஸ்விட்ச் போர்டைச் சுற்றி, ஜன்னலுக்குக் கீழே, பாத்ரூமை ஒட்டிய சுவரின் இந்தப் பக்கம். இந்த ஐந்தையும் விடாதீர்கள். எதைப் பார்த்தாலும் இரண்டு போட்டோ: தள்ளி நின்று ஒன்று, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துக் கிட்டத்தில் ஒன்று.

போன வருஷம் பேங்க் ஊழியர் காலி செய்த அன்று இப்படித்தான் சுற்றி வந்தோம்.

"சார், டிவி மாட்டுன நாலு ஓட்டைக்கு எவ்ளோன்னு சொல்லிடுங்க. அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க."

"அது கிடக்கட்டுங்க. பீரோவுக்குப் பின்னாடி பாத்தீங்களா?"

பார்த்தார். உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு வீங்கி, மேலே வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. மூன்று வருஷமாகப் பீரோ மறைத்திருந்ததால் அவருக்கே தெரியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ரூம் குழாய். தப்பு அவர் மேல் இல்லை, என் குழாய் மேல். நான் தனியாக வந்து பார்த்திருந்தால் அதை அவர் தலையில்தான் கட்டியிருப்பேன்.

எது யார் பொறுப்பு

தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் நமக்கு வேண்டியது மூன்று விஷயம். ஒன்று, குடியிருப்பவர் வீட்டைக் குடிவந்தபோது இருந்த நிலையில் திருப்பித் தர வேண்டும். ஆனால் சாதாரணமாகப் புழங்கியதால் வரும் தேய்மானம் அதில் சேராது. இரண்டு, எழுத்தில் வேறு மாதிரி பேசிக்கொண்டிருந்தால் ஒழிய, வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதும் வீட்டுக்காரர் வேலை. குழாய் வாஷர், ஸ்விட்ச், சாக்கெட், கதவுப் பூட்டு, கைப்பிடி, ஜன்னல் கண்ணாடி போன்றவை குடியிருப்பவர் வேலை. மூன்று, காலி செய்த ஒரு மாதத்துக்குள், கழிக்க வேண்டியதைக் கழித்துக்கொண்டு அட்வான்ஸைத் திருப்பித் தந்துவிட வேண்டும்.

இதைச் சுவருக்குக் கொண்டுவந்தால் எப்படி இருக்கும்? காலண்டர் ஆணி, சாமி பட ஆணி, வெயில் பட்டு வெளுத்த நிறம், சோபா உரசிய கோடு எல்லாம் தேய்மானம். டிரில் இல்லாமல் கான்கிரீட் ஆணியைச் சுத்தியலால் அடித்து, பூச்சு சோற்றுத்தட்டு அளவுக்குப் பெயர்ந்து விழுந்திருந்தால் அது சேதம். கேட்காமல் ஏசிக்கு ஓட்டை போட்டு, அடைக்காமல் போனாலும் சேதம்தான். குழந்தை சுவரில் கிறுக்கியதற்குக் காசு கேட்கலாமா என்றால், சட்டம் என்ன சொன்னாலும் நான் கேட்பதில்லை. சேதம் என்றாலும் அந்த இடத்தைச் சரிசெய்ய ஆகும் செலவைத்தான் கேட்க வேண்டும், முழு வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கும் செலவை அல்ல. ஓசூர் பக்கம் பெங்களூர் வழக்கம் ஒட்டிக்கொண்டு, 'பெயிண்டிங் சார்ஜ்' என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடித்துக்கொள்கிறார்கள். ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால் அது ஒரு கணக்கு. எழுதாமல் பிடித்தால் வழக்கம் என்ற பேரில் அடிக்கும் கொள்ளை.

பட்டியைத் தொடும் முன் மூன்று சோதனை

உள்ளங்கையால் சுவரைத் தேயுங்கள். கையில் வெள்ளையாக மாவு ஒட்டினால் அது சுண்ணாம்பு அல்லது பழைய டிஸ்டெம்பர். அதன் மேல் பட்டி நிற்காது. மாவோடு சேர்ந்து பெயர்ந்து வரும். ஒட்டு போடும் இடத்தைச் சுற்றி நாலு விரல் அகலத்துக்கு, கெட்டியான அடி வரும்வரை சுரண்டிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். கையில் எதுவும் ஒட்டவில்லை, சுவர் வழவழப்பாக இருக்கிறது என்றால் எமல்ஷன் என்கிற தண்ணீர்ப் பெயிண்ட். கவலையில்லை.

அடுத்து, நாணயத்தால் தட்டுங்கள். கெட்டியான பூச்சு 'டொக் டொக்' என்று சொல்லும். செங்கல்லை விட்டுப் பிரிந்த பூச்சு 'பொத பொத' என்று சொல்லும். பொத பொத என்று கேட்கும் இடத்தைப் பட்டியால் மூடுவது அழுகின பழத்துக்குத் தோல் ஒட்டுவது மாதிரி. கெட்டிச் சத்தம் வரும் எல்லைவரை உடைத்து எடுத்துவிட வேண்டியதுதான்.

மூன்றாவது ஈரம். ஓரடிக்கு ஓரடி பாலிதீன் ஷீட்டை எடுத்து, சந்தேகமான இடத்தில் நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். மறுநாள் ஷீட்டின் உள்பக்கம் நீர் முத்து கோத்திருந்தால் சுவருக்குள் ஓதம் இருக்கிறது. குழாயோ, மொட்டை மாடியோ, வெளிச்சுவர் விரிசலோ, வழியைக் கண்டுபிடித்து அடைக்காமல் உள்ளே எதைப் பூசினாலும் வீண்.

வெள்ளைப் பொடி பூத்த இடத்தைப் பார்த்ததும் ஈரத்துணியை எடுக்காதீர்கள். அது உப்பு. தண்ணீர் பட்டால் கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போய், காய்ந்ததும் மறுபடி பூக்கும். காய்ந்த பிரஷால் தேய்த்து, பொடியை முறத்தில் அள்ளி வெளியே கொட்டுங்கள்.

இந்த இடத்தில் நம்ம ஊர்த் தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஃபுளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுக்குமே தவிர சுவரை ஒன்றும் செய்யாது. ஆனால் அதே போர் தண்ணீரில் இருக்கும் மற்ற உப்புகள் செய்யும். வாளியின் அடியில் வெள்ளைப் படலம் படியும் தண்ணீரில் பட்டியோ சிமெண்டோ கலக்காதீர்கள். குழாயில் வரும் காவேரித் தண்ணீரில் ஒரு குடம் பிடித்து வைத்துக்கொண்டால் போதும். சுவருக்கும் நல்ல தண்ணீர் கொடுக்கிறேன் என்று வீட்டில் கிண்டல் செய்வார்கள், செய்யட்டும்.

என்னென்ன வாங்க வேண்டும்

ஒரு கிலோ ஒயிட் சிமெண்ட் பட்டி, இரண்டு பட்டி பிளேடு (2 இஞ்ச் ஒன்று, 4 இஞ்ச் ஒன்று), 120, 220 நம்பர் உப்புத்தாள் இரண்டிரண்டு, கால் லிட்டர் வாட்டர் பிரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிக்கோட்), அதே அளவு ஆயில் பிரைமர், 2 இஞ்ச் பிரஷ், 4 இஞ்ச் குட்டி ரோலர். வீட்டிலேயே கிடைப்பவை: பழைய பல் பிரஷ், கட்டிங் பிளேயர், திருப்புளி, சைக்கிள் பம்ப். மூக்குக்கு ஒரு முகக்கவசம். பட்டித் தூசு மாவு மாதிரிதான் இருக்கும், ஆனால் நுரையீரலுக்கு அது மாவு இல்லை.

சுவர்ப் பட்டி வேண்டாம், கையில் இருக்கும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸே போதும் என்று கடையில் சொன்னால் கேட்காதீர்கள். அது சீக்கிரம் இறுகும், வேலையும் சுளுவு. ஆனால் ஈரம் பட்டால் ஊறிப்போகும். சமையலறை, பாத்ரூம் பக்கத்துச் சுவருக்கு அது ஆகவே ஆகாது.

ஆணி ஓட்டையும் டிரில் ஓட்டையும்

ஆணியைப் பிடுங்கும்போதே பாதிச் சேதம் நடக்கிறது. சுத்தியலின் பின்பக்கத்தைச் சுவரில் ஊன்றி நெம்பினால், ஊன்றிய இடம் குழியும். சுவருக்கும் சுத்தியலுக்கும் நடுவே ஒரு மரக்கட்டையோ நாலாக மடித்த அட்டையோ வைத்து நெம்புங்கள். பிளேயரால் பிடித்து லேசாகத் திருகிக்கொண்டே இழுத்தால் இன்னும் நல்லது.

டிவி, அலமாரி மாட்டிய இடத்தில் பிளாஸ்டிக் பிளக் உள்ளே இருக்கும். அதைக் குடைந்து எடுக்கப் போய்த்தான் பலர் 8 எம்எம் ஓட்டையை எட்டணா அளவுக்கு ஆக்கிவிடுகிறார்கள். வழி இதுதான். பொருத்தமான ஒரு ஸ்க்ரூவை அந்தப் பிளக்கில் மூன்று நாலு சுற்று மட்டும் ஏற்றுங்கள். முழுக்க ஏற்றினால் பிளக் விரிந்து இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். வெளியே நிற்கும் ஸ்க்ரூ தலையைப் பிளேயரால் பிடித்து நேராக இழுங்கள். பத்துக்கு எட்டு, பிளக்கோடு வந்துவிடும். வராததை நோண்ட வேண்டாம். ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டு, தடித்த ஆணியின் தலையை வைத்து ஒரு தட்டு. பிளக் சுவர் மட்டத்துக்கு நாலைந்து எம்எம் உள்ளே போனால் போதும்; அதை அங்கேயே அடக்கம் செய்துவிடலாம். ஹாலோ பிளாக் சுவராக இருந்தால் மெதுவாகத் தட்டுங்கள். பிளக் உள்ளே இருக்கும் வெற்றிடத்தில் விழுந்துவிட்டால், பட்டியும் அதன் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கும். அப்படி ஆகிவிட்டால் ஓட்டையின் அளவுக்கு மரக்குச்சி சீவி, அடைப்பாக இறுக்கி, மட்டத்துக்கு உள்ளே நறுக்கிவிட்டு அதன் மேல் பூசலாம்.

இப்போது ஓட்டையின் விளிம்பை விரலால் தடவுங்கள். பிளக் வந்த வேகத்தில் விளிம்பு எரிமலை வாய் மாதிரி வெளியே தள்ளியிருக்கும். அதை அப்படியே விட்டுப் பூசினால் எத்தனை தேய்த்தாலும் மேடு போகாது. பிளேடால் சீவி, விளிம்பு சுவர் மட்டத்துக்குக் கொஞ்சம் உள்வாங்கும்படி செய்துகொள்ளுங்கள்.

அப்புறம் தூசு. வேலையே இதுதான். பல் பிரஷை ஓட்டைக்குள் விட்டுச் சுழற்றுங்கள். பிறகு சைக்கிள் பம்பின் குழாயை ஓட்டையின் வாயில் வைத்து நாலு அடி. வெளியே வருகிற செம்மண் தூளைப் பார்த்தால்தான், இத்தனை நாள் பட்டி ஏன் முழுசாகக் கழன்று விழுந்தது என்று புரியும். பட்டி தூசைத்தான் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது, சுவரை அல்ல. தூசு போனதும் பிரஷைத் தண்ணீரில் நனைத்து உள்ளே ஒரு தடவை தடவுங்கள். காய்ந்த செங்கல் பட்டியிலிருக்கும் தண்ணீரை உறிஞ்சிவிடும். பட்டி சரியாக இறுகாமல் பொடியாகும். நனைந்திருக்க வேண்டும், ஒழுகக் கூடாது.

பட்டி கலக்கும் முறை: தண்ணீரில் பட்டியைக் கொட்ட வேண்டும், பட்டியில் தண்ணீரை ஊற்றக் கூடாது. ஒரு கிலோ பட்டிக்கு 350 முதல் 400 மில்லி தண்ணீர். ஓட்டை அடைக்க இன்னும் கொஞ்சம் கெட்டியாக, சப்பாத்தி மாவுக்கும் இட்லி மாவுக்கும் நடுவில் இருக்கட்டும். கட்டி இல்லாமல் கலந்து பத்து நிமிஷம் ஊறவிட்டு, மறுபடி ஒரு கலக்கு. இரண்டு மணி நேரத்துக்குள் தீர்ந்துவிட வேண்டும். இறுக ஆரம்பித்த பட்டியில் தண்ணீர் சேர்த்து இளக்கிப் பூசுவது எனக்கும் பழக்கமாக இருந்தது. அது பிறகு விரலால் சுரண்டினாலே வரும். அதனால் ஒரு தடவைக்கு ஒரு டம்ளர் பட்டிக்கு மேல் கலக்காதீர்கள்.

சின்ன பிளேடில் எடுத்து, ஓட்டைக்குள் அழுத்தித் திணியுங்கள். முதலில் சுவர் மட்டத்துக்கு ஓர் எம்எம் உள்ளேயே நிறுத்திவிட வேண்டும். பட்டி காயும்போது சுருங்கும்; ஒரே தடவையில் நிரப்பினால் நடுவில் குழி விழும். ராத்திரி முழுக்கக் காய்ந்த பிறகு இரண்டாவது கோட். இந்த முறை பெரிய பிளேடைச் சாய்த்துப் பிடித்து, ஓட்டையைத் தாண்டி மூன்று இஞ்ச் வரை இழுத்து, விளிம்பே தெரியாமல் ஒன்றுமில்லாததாகக் கரைத்துவிடுங்கள். காய்ந்ததும் 120 உப்புத்தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றித் தேய்த்து, 220-ல் முடியுங்கள். வெறும் விரலால் தேய்த்தால் விரல் அழுத்தின இடம் பள்ளமாகும். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மேட்டைக் கை சொல்லிவிடும்.

பூச்சு பெயர்ந்த இடம்

மூன்று எம்எம்முக்கு மேல் ஆழமென்றால் பட்டியை விடுங்கள், சிமெண்ட்தான். தளர்ந்ததையெல்லாம் உடைத்து, ஓரத்தைச் செங்குத்தாக, முடிந்தால் உள்பக்கம் கொஞ்சம் அகலமாக வெட்டிக்கொள்ளுங்கள். சரிவான ஓரத்தில் பூச்சு செதில் மாதிரி எழும். தூசு தட்டி, முந்தின நாள் சாயங்காலமே தண்ணீர் அடித்து, மறுநாள் சிமெண்ட் பால் (தண்ணீரில் கரைத்த சிமெண்ட்) ஒரு கை தடவி, அது ஈரமாக இருக்கும்போதே ஒரு பங்கு சிமெண்டுக்கு நாலு பங்கு சலித்த பூச்சு மணல் கலந்து அப்ப வேண்டும். 12 எம்எம்முக்கு மேல் ஆழம் இருந்தால் இரண்டு தடவையாக. மட்டப்பலகையை இரண்டு பக்கத்துப் பழைய பூச்சு மேலும் ஊன்றி இழுத்தால் மட்டம் தானாக வரும். வைகாசி, ஆனி வெயிலில் வேலை செய்தால் ஈரச் சாக்கு தொங்கவிட்டு, ஒரு வாரம் காலையும் மாலையும் தண்ணீர் காட்டுங்கள்.

தண்ணீர் காட்டுவதை நிறுத்தியதும் பட்டி போடத் துடிக்காதீர்கள். புதுப் பூச்சு முழுக்கக் காய நாலு வாரம் என்பது பொதுக் கணக்கு. ஆடி மாதத்தின் அருமை இங்கேதான் தெரியும். நிறம் சுற்றியுள்ள பூச்சு மாதிரியே வெளுத்து, பாலிதீன் சோதனையில் முத்து கோக்காமல் இருந்தால் சரி.

விரிசல்

முடிக்கோடு மாதிரி வலைவலையாக ஓடுவது பூச்சின் மேல்தோல் சுருங்கியது. பிளேடு முனையால் 'வி' வடிவில் கீறி, தூசு எடுத்து, விரிசல் அடைக்கும் அக்ரிலிக் பேஸ்ட்டை விரலால் தேய்த்தால் போதும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்புவது, செங்கல் வரிசையைப் படிப்படியாகத் தொடர்ந்து போவது, நாணயம் நுழையும் அகலம் உள்ளது: இவை குடியிருந்தவர் செய்ததும் இல்லை, பட்டியால் தீருவதும் இல்லை. விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு கிழித்துத் தேதி எழுதிவையுங்கள். இரண்டு மாதத்தில் விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தால் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

கறைகள்

ஓட்டையைவிடக் கறைதான் தண்ணி காட்டும். ஒரு குடும்பம் காலி செய்தபோது, ஹாலில் டிவிக்கு எதிர்ச்சுவரில் மூன்றடி உயரத்தில் மூன்று வட்டம் இருந்தது. பாயில் உட்கார்ந்து தலை சாய்த்த இடம். பெரிய வட்டம், கொஞ்சம் சின்னது, அதற்குக் கீழே இன்னும் சின்னது. அப்பா, அம்மா, பிள்ளை மூவரும் போன பிறகும் அங்கேயே உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருப்பது போலிருந்தது. நான் அதன் மேல் இரண்டு கோட் எமல்ஷன் அடித்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். மூன்றே வாரத்தில் மூவரும் மஞ்சளாகத் திரும்பி வந்துவிட்டார்கள். நகத்தால் தொட்டால் பெயிண்ட் வாழைப்பழத் தோலாக உரிந்தது.

தேங்காய் எண்ணெய் மேல் தண்ணீர்ப் பெயிண்ட் ஒட்டாது, அவ்வளவுதான். பாத்திரம் கழுவும் சோப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து, ஸ்பாஞ்சால் கீழிருந்து மேலாகத் துடைக்க வேண்டும். மேலிருந்து ஆரம்பித்தால் அழுக்குத் தண்ணீர் ஒழுகிக் கோடு கோடாகப் பிடித்துக்கொள்ளும். பிறகு வெறும் தண்ணீரில் இரண்டு தடவை துடைத்து, நன்றாகக் காயவிட்டு, 220 தாளால் லேசாக உரசுங்கள். அப்புறமும் வட்டத்தின் சாயல் தெரிந்தால் டர்பென்டைனில் கலக்கும் ஆயில் பிரைமர் ஒரு கோட். அது காய்ந்ததும் மறுபடி ஒரு லேசான உரசல், அதன் மேல் எமல்ஷன். சமையலறையில் அடுப்புக்கு மேலே படிந்த எண்ணெய்ப் புகைக்கும் இதே வைத்தியம்தான்.

பூஜை அலமாரிக்கு மேலே விளக்குக் கரி இருக்கும். அதை முதலில் ஈரத்துணியால் தொட்டால் சாம்பல் நிறத்தில் இழுபட்டுவிடும். காய்ந்த துணியால் ஒற்றி ஒற்றி எடுத்து, அப்புறம் சோப்புத் தண்ணீர், அப்புறம் ஆயில் பிரைமர். பேனா மை, மார்க்கர் கோடுகளும் இந்த ஜாதிதான். எத்தனை கோட் தண்ணீர்ப் பெயிண்ட் அடித்தாலும் ஊடுருவி மேலே வரும். நிலைப்படி ஓரத்து மஞ்சள் கறைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். துடைத்துவிட்டு, வெயில் விழும்படி கதவைத் திறந்து வையுங்கள். மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் தானே வெளுக்கும்.

குழந்தைகள் ஒட்டிய ஸ்டிக்கரையும் டேப்பையும் வெடுக்கென்று பிடுங்கினால் பெயிண்ட் கூடவே வரும். ஹேர் டிரையரால் சூடு காட்டி, சுவரை ஒட்டினாற்போல மெதுவாக உரியுங்கள். பாத்ரூம் டைல்ஸில் ஒட்டிய ஸ்டிக்கர் பொட்டுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிச் சுரண்டலாம். பெயிண்ட் அடித்த சுவரில் அந்த வேலையைச் செய்யாதீர்கள். மேலே சொன்ன வட்டக் கதை மறுபடி ஆரம்பமாகும்.

பீரோவுக்குப் பின்னால் கறுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சணம் இருந்தால் பிளீச்சிங் பவுடர் கரைசலைத் தடவி, கால் மணி நேரம் விட்டுத் துடையுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். கழிப்பறை கழுவும் ஆசிடை மட்டும் அதோடு சேர்த்துவிடாதீர்கள், விஷவாயு கிளம்பும்.

பெயிண்ட்

பட்டி போட்ட இடத்துக்குப் பிரைமர் போடாமல் நேராகப் பெயிண்ட் அடித்தால், அந்த இடம் மட்டும் பெயிண்டை உறிஞ்சி மங்கலாகத் தெரியும். பகலில் தெரியாது. ராத்திரி டியூப்லைட் போட்டதும் சுவரெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரி இருக்கும். ஒவ்வொரு ஒட்டுக்கும் வாட்டர் பிரைமர் ஒரு கோட், கட்டாயம்.

அடுத்த தலைவலி நிறம். 'கிரீம் கலர்' என்று கடையில் கேட்டால் முப்பது கிரீம் காட்டுவார்கள். முதல் தடவை அடிக்கும்போதே டப்பா மூடியில் இருக்கும் ஷேடு நம்பரைப் போட்டோ எடுத்து வையுங்கள். எந்தக் கம்பெனி, எந்த வகை எமல்ஷன் என்பதையும் சேர்த்து. மீந்த பெயிண்டைச் சின்ன டப்பாவில் வாய்வரை நிரப்பி, காற்று போகாமல் மூடிப் பரண் மேல் வைக்கலாம். திறந்தால் அழுகின நாற்றம் அடிக்கிறதா, கொட்டிவிடுங்கள்.

அதே டப்பாவிலிருந்து எடுத்து அடித்தாலும், மூன்று வருஷம் வெயிலும் புகையும் பட்ட சுவரோடு புதுப் பெயிண்ட் ஒத்துப்போகாது. ஒன்றிரண்டு ஆணி ஓட்டைதான், அதுவும் மறைவான இடத்தில் என்றால் குட்டி ரோலரால் ஒற்றி, ஓரத்தைக் காய்ந்த ரோலரால் கலைத்துவிடலாம். பிரஷ் வேண்டாம், பிரஷ் கோடும் ரோலர் புள்ளியும் சேராது. ஹாலின் நடுச்சுவரில் நாலைந்து ஒட்டு இருந்தால் புள்ளி புள்ளியாக அடித்து நேரத்தைப் போக்காமல், மூலையிலிருந்து மூலைவரை அந்த ஒரு சுவரை மட்டும் முழுசாக அடித்துவிடுங்கள். மூலை திரும்பும் இடத்தில் வெளிச்சமே மாறிவிடுவதால் இரண்டு சுவர்களின் வித்தியாசம் கண்ணில் படாது. ஒரு லிட்டர் பெயிண்டில் முடிகிற வேலை.

இரண்டு எச்சரிக்கை

ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் சுவருக்குள் ஒயர் ஓடும். அந்தக் கோட்டில் நோண்டுவதோ உடைப்பதோ இருந்தால் முதலில் மெயினை நிறுத்துங்கள்.

வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பழைய எனாமல் கதவு, ஜன்னல், சமையலறைச் சுவர் எதையும் காய்ந்த உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் தாளால் தேய்த்து, சேற்றைத் துணியால் வழித்து எடுங்கள். சின்னக் குழந்தைகள் அந்தப் பக்கம் வேண்டாம்.

அடுத்தவர் குடிவரும் முன்

ஆடி கடைசி வாரத்தில் நான் செய்கிற வேலை இது. ஒவ்வொரு அறையிலும் ஒரு காலண்டர் ஆணி, ஜன்னலுக்குத் திரைக்கம்பி, ஹாலில் டிவிக்கு ஒரு பிளைவுட் பலகை, பூஜை அலமாரிக்கு மேலே இரண்டு கொக்கி. எல்லாம் டிரில் போட்டு, பிளக் வைத்து, நானே அடித்துவிடுவேன். மாட்ட இடம் இருந்தால் யாரும் சுத்தியலைத் தேட மாட்டார்கள். பால் காய்ச்ச வரும் அன்று, பாத்திரம் இறங்கும் முன்னால், அவர்கள் செல்போனிலேயே எல்லாச் சுவரையும் வீடியோ எடுத்து எனக்கும் அனுப்பச் சொல்வேன். பாத்ரூம் குழாய் ஒட்டுப் போட்ட இடத்தையும் காட்டி, "இங்க மட்டும் பீரோவை ஒரு சாண் தள்ளிப் போடுங்க, காத்து போகட்டும்" என்று சொல்லிவிடுவேன்.

போன ஆவணியில் வந்த அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்கண்ணா, பாப்பாவுக்குத் தொட்டில் கட்ட மட்டும் ஒரு கொக்கி வேணுமே" என்றார். அது என் பட்டியலில் இல்லாத ஒன்று. மறுநாள் காலையில் 10 எம்எம் பிட்டை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன்.